கூடாத குழு

மாதத்தின் முதல் திங்களும் மூன்றாம் திங்களும் அனுசுயா தலைமை அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். சஸ்பெண்டு ஆனவர்கள் ஊரைவிட்டுப் போய்விடவில்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி. 2005 ஏப்ரலில் ஆரம்பித்த நடை, அடுத்த வருஷம் ஆனி மாதக் காற்று புழுதியை வாரி இறைத்தபோதும் முடிந்தபாடில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ரயிலடிக்குப் பின்னால் ஒரு காலத்தில் பஞ்சுக் கிட்டங்கியாக இருந்த அந்தக் கட்டடத்தின் படியேறுவாள். ‘பின்னல் தொழிலாளர் மருத்துவ சேவை’ என்று வாசலில் எழுதியிருக்கும். ஊருக்கு அது வெறும் ‘சேவை’. ஐம்பதுகளில் மில்காரர்கள் சிலர் ஒன்றுகூடித் தொடங்கியது. திருப்பூரில் மூன்று டிஸ்பென்சரி, தாராபுரம், உடுமலை, கொமரலிங்கத்தில் ஒவ்வொன்று. அதில் மூன்றாம் நம்பரில் பதினோரு வருஷம் நர்ஸாக இருந்தவள் அனுசுயா.

சாத்தூர்ப் பக்கத்துக்காரி. மதுரையில் படித்துவிட்டு, கல்யாணமான கையோடு புருஷன் முனீஸுடன் இங்கே வந்தவள். முனீஸ் நிட்டிங் மிஷின் ஓட்டுகிறவன். ஷிப்டு முடிந்து வரும்போது தலையிலும் புருவத்திலும் பஞ்சு படிந்து, திடீரென்று கிழவனானவன் போல இருப்பான். ஒரே மகள் ஆஷா, பத்தாம் வகுப்பு.

சஸ்பெண்டுக்குக் காரணமான சங்கதி இதுதான். முந்தின வருஷம் பங்குனியில் ஒரு நாள், மதியம் ஒன்றரை மணி. டாக்டர் இரண்டாம் நம்பர் டிஸ்பென்சரிக்குப் போயிருந்தார். சாயப்பட்டறையிலிருந்து ஒருவனைக் கைத்தாங்கலாக இழுத்து வந்தார்கள். பெயர் மொக்கைச்சாமி, வயது முப்பத்து நாலு. கண் சிவந்திருந்தது, நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது, இருமல் நிற்கவில்லை. பேச்சு வரவில்லை. கூட வந்த பட்டறை மேஸ்திரி, “இழுப்புங்க சிஸ்டர், இவனுக்கு எப்பவும் வர்றதுதானுங்க” என்றான். அனுசுயா டாக்டருக்குப் போன் அடித்தாள், யாரும் எடுக்கவில்லை. இழுப்பு என்று வருகிறவர்களுக்கு டாக்டர் எப்போதும் எழுதுகிற டெரிஃபிலின் ஊசியை அவளே போட்டாள். கொஞ்சம் தணிந்தது. சீட்டில் ‘ஆஸ்துமா’ என்று எழுதி, பட்டறை வேனிலேயே கோயமுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். மறுநாள் விடியும் முன் அவன் செத்துப்போனான்.

ஒரு வாரத்தில் அவன் பெண்சாதி கருத்தம்மா கைரேகை வைத்த மனு ‘சேவை’க்கு வந்தது. டாக்டர் இல்லாத நேரத்தில் நர்ஸ் போட்ட ஊசியால் தன் புருஷன் செத்தான் என்று அதில் இருந்தது. மருத்துவர் உத்தரவின்றிப் போட்ட ஊசியால் மரணம் விளைவித்ததாகக் குற்றச்சாட்டு வந்தது. ஒழுங்கு விசாரணைக் குழு கூடி முடிவு செய்யும்வரை அனுசுயா வேலைக்கு வரக் கூடாது.

குழு கூடவில்லை.

“எப்ப சார் கூடும்?” என்று ஒவ்வொரு திங்களும் கேட்பாள்.

அலுவலகக் கண்காணிப்பாளர் தீனதயாளன் பதில் சொல்வதற்கு முன்னால் தண்ணீர் எடுத்து வைப்பார். நெசவுக் குடும்பத்துக்காரர். நெற்றியில் திருநீறு கலையாமல், சட்டைப்பையில் மூன்று பேனாக்களுடன் இருப்பார். “வெய்யல்ல வந்திருக்கறீங்க, மொதல்ல குடிங்க சிஸ்டர். குழுவுக்கு லெட்டர் போட்டிருக்குதுங்க.”

“யாருக்கு சார்?”

“ஜில்லா போர்டுக்குங்க. அவங்க ஒரு மெம்பர அனுப்போணும்.”

“அது எங்க சார் இருக்கு?”

ஒரு திங்களன்று இப்படிக் கேட்டபோது அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “அதானுங்க எனக்கும் தெரியல. நான் இந்த சீட்டுக்கு வந்து பன்னெண்டு வருசமாச்சு. கோயமுத்தூருக்கு லெட்டர் போட்டுட்டே இருக்கறேன். பதிலும் வந்ததில்ல, லெட்டர் திரும்பியும் வந்ததில்ல.”

அனுசுயாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. யாரிடம் போய்ச் சேர்ந்திருக்கும் அத்தனை கடிதமும் என்று யோசித்தாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இந்தக் குணம். ஒரு விஷயத்தின் முனை கையில் அகப்பட்டால் மறுமுனை எங்கே என்று தெரியாமல் விடமாட்டாள்.

“விசாரணைக் குழுவுக்குன்னு விதிப் புஸ்தகம் ஒண்ணு இருக்குமில்ல சார்? அதை நான் பாக்கலாமா?”

“அது அலுவலக உபயோகத்துக்கு மட்டுமுங்க.”

“என்னையத் தண்டிக்கப் போற புஸ்தகத்த நான் பாக்கக் கூடாதா சார்?”

தீனதயாளன் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். அவருக்குள்ளும் அந்தக் கேள்வி எங்கோ போய்த் தைத்திருக்க வேண்டும். “ஊட்டுக்கு எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னு ஒரு விதி இருக்குதுங்க. ஆனா இங்க உக்காந்து படிக்கக் கூடாதுன்னு எங்கயும் எழுதல. ரெக்கார்டு ரூமுல பேன் ஓடாது, பரவால்லீங்களா?”

1956ஆம் வருஷம் அச்சடித்த புத்தகம். தாள் முறுகிப்போய், புரட்டும்போது ஓரம் பொடிந்து விழுந்தது. ‘ஷை மருத்துவச்சி’, ‘மேற்படி கம்பவுண்டர்’ என்று அந்தக் காலத்துத் தமிழ். அனுசுயா நாலு திங்கள்கிழமை உட்கார்ந்து முழுக்கப் படித்தாள். வார்டுக்குள் குடை விரித்துப் பிடிக்கக் கூடாது. பேதி கண்ட ஊருக்குப் போகும் மருத்துவச்சி மாட்டுவண்டியில் வண்டிக்காரனுக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும். கம்பவுண்டர் தலைப்பாகை இல்லாமல் மருந்து கலக்கக் கூடாது. படித்துப் படித்துத் தனியாகச் சிரித்தாள். ஒன்பதாம் விதியில் சிரிப்பு நின்றது.

விசாரணைக் குழுவில் ஐந்து பேர். ‘சேவை’யின் தலைவர், ஒரு மில் மானேஜர், ஜில்லா போர்டு உறுப்பினர் ஒருவர், ஜில்லா மருத்துவச்சிகள் சங்கப் பிரதிநிதி ஒருவர், ஒரு கௌரவ மாஜிஸ்திரேட். பதினான்காம் விதி, ஐவரில் ஒருவர் குறைந்தாலும் குழு கூடியதாகக் கருதப்படாது என்றது. குழுவின் முடிவு பிடிக்காவிட்டால் மேல்முறையீட்டுக்கு ஒரு தீர்ப்பாயம் உண்டு. அதற்குத் தலைவர் ஜில்லா போர்டுத் தலைவர்.

வீட்டில் ஆஷாவிடம் கேட்டாள். ஆஷா சரித்திர டீச்சரிடம் கேட்டுக்கொண்டு வந்தாள். “ஜில்லா போர்டெல்லாம் ஐம்பதுகள்லயே கலைச்சிட்டாங்களாம்மா. மிஸ் சிரிக்கிறாங்க, உங்கம்மாவுக்கு என்ன திடீர்னு அதுமேல ஆசைன்னு.”

அடுத்த திங்கள் இந்தச் செய்தியோடு போனபோது தீனதயாளன் எழுதிக்கொண்டிருந்ததை மூடி வைத்தார். பிறகு எழுந்து போய்ப் பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வந்தார். குழுவின் கூட்டக் குறிப்பேடு. கடைசியாகக் கூடியது 1957 கார்த்திகையில். உடுமலை மருத்துவச்சி ஒருத்தி டிஸ்பென்சரியின் அரிக்கேன் விளக்கைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போய்ப் பிரசவம் பார்த்த விவகாரம். கண்டித்து விட்டிருந்தார்கள். அதற்குப் பின் வெற்றுத் தாள்.

“அப்பறம் யாருமேலயும் புகாரே வரலையா சார்?”

“வராம இருக்குமுங்களா? ஒம்பது பைலு நிலுவைல கெடக்குது. பாதிப்பேரு மனசு வெறுத்து ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. கொமரலிங்கத்துக் கம்பவுண்டர் ஒருத்தரு, எம்பத்தி மூணுல சஸ்பெண்டு ஆனாருங்க. தொண்ணூத்தி ஆறுல காலமாயிட்டாரு.”

“பாவம். அதோட பைல மூடிட்டீங்களா?”

தீனதயாளன் மேஜை விளிம்பைத் துடைத்தார். “எப்படிங்க மூடறது? குழு கூடினாத்தானுங்க மூட முடியும். மாசம் ரெண்டுவாட்டி ‘மேற்படி நபர் கையொப்பமிட வரவில்லை’ன்னு எழுதி வெச்சுட்டுத்தான் இருக்கறேன்.”

“செத்தவரையா சார்?”

“நாந்தானுங்க எழுதறேன்,” என்றார். முகம் சிவந்துவிட்டது. “எழுதறப்ப ஒருநாளும் யோசிச்சதில்லீங்க. நீங்க கேக்கறப்பத்தான்…”

அன்றைக்கே இருவருமாக உட்கார்ந்து மனு எழுதினார்கள். இல்லாத ஆட்களைக் கொண்ட குழுவும் தீர்ப்பாயமும் இனி எக்காலத்திலும் கூட வழியில்லை, ஆகவே அந்த விதிகளை நீக்கிவிட்டு, நடக்கக்கூடிய ஒரு விசாரணை முறையைக் கொண்டுவர வேண்டும் என்று. வாசகம் தீனதயாளனுடையது, கையெழுத்து அனுசுயாவுடையது. ‘சேவை’க்கு அப்போது புதிதாகச் செயலாளராக வந்திருந்தவர் ஈஸ்வரமூர்த்தி என்ற எக்ஸ்போர்ட்காரர். மனுவைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாராம். சிரித்தாலும் நிர்வாக சபையில் வைத்தார். சபையில் வக்கீல் அபிப்பிராயம் கேட்டார்கள், வக்கீல் பழைய கோப்புகளைக் கேட்டார், கோப்புகள் கிடைக்க ஐந்து மாதம் ஆனது. அப்படியே ஒரு வருஷம் போயிற்று.

சஸ்பெண்டு ஆன நாளிலிருந்தே அனுசுயா வீட்டில் பிசிர் வெட்டி வந்தாள். சஸ்பெண்டில் இருப்பவர் வேறு வேலை பார்க்கக் கூடாது என்று இருபத்திரண்டாம் விதி சொல்லியதால், வீட்டுக்காரம்மா செல்லாத்தாள் தன் பேரில் பண்டலை வாங்கிவந்து கொடுப்பாள். எந்த நாட்டுக் குழந்தைகளோ போடப்போகும் குட்டிக் குட்டி டி-சர்ட்டுகள். தையல் ஓரத்தில் தொங்கும் நூலை ஒட்ட வெட்ட வேண்டும், துணியில் கத்தரி பட்டுவிடக் கூடாது. ஊசி பிடித்த கைக்கு அது சுலபமாக வந்தது. தெருவில் யாராவது காய்ச்சல் என்று பிள்ளையைத் தூக்கி வந்தால், “என்கிட்ட வராதீங்கம்மா, டாக்டர்ட்ட போங்க” என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொள்வாள். ஆனால் வெட்டிக்கொண்டே இருக்கும்போது கை சில சமயம் நின்றுவிடும். அந்த ஊசியை எத்தனையோ பேருக்குப் போட்டிருக்கிறாள். அளவும் சரி, போட்ட விதமும் சரி. அப்புறம் அவன் எதனால் செத்தான்?

கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை போய்க் கேஸ் ஷீட்டைக் கேட்டுப் பார்த்தாள். சொந்தக்காரர் வர வேண்டும், இல்லாவிட்டால் விசாரணைக் குழுவின் கடிதம் வர வேண்டும் என்றார்கள். கருத்தம்மாவைத் தேடி அவள் குடியிருந்த லைன் வீட்டுக்குப் போனாள். முகத்தைப் பார்த்ததும் கருத்தம்மா கதவைச் சாத்தினாள். உள்ளேயிருந்து, “ஒன் கை வெளங்காமப் போக” என்ற சத்தம் மட்டும் வந்தது.

2007 ஆவணியில் சுற்றறிக்கை வந்தது. 1956ஆம் வருஷத்து ஒழுங்கு விசாரணைக் குழு மற்றும் தீர்ப்பாய விதிகள் முழுமையாக நீக்கப்படுகின்றன. இனி ‘சேவை’க்குச் சம்பந்தமில்லாத ஒரு மருத்துவர் தனி விசாரணை அதிகாரியாக இருப்பார். கடைசிப் பத்திதான் அனுசுயாவுக்கானது. பழைய விதிகளின்கீழ் நிலுவையில் உள்ளவர்கள் முப்பது நாளுக்குள் ஒப்புதல் கடிதம் கொடுத்தால் குற்றச்சாட்டு தானாகக் காலாவதியாகும், உடனே வேலையில் சேரலாம். அல்லது, விரும்பினால், புதிய முறையில் விசாரணை கேட்கலாம்.

தீனதயாளன் ஒப்புதல் கடிதத்தைத் தட்டச்சு செய்து தயாராக வைத்திருந்தார். “கையெழுத்து மட்டும் போட்டாப் போதுமுங்க சிஸ்டர். நாளைக்கே டூட்டி.”

“விசாரணை கேட்டா?”

அவருக்குப் புரியவில்லை. “எதுக்குங்க கேக்கோணும்?”

அனுசுயா கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

சாயங்காலம் முனீஸ் குளித்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தான். ஆஷாவுக்குப் பிடிக்குமே என்று அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி, முனீஸுக்காகத் தனியாகக் கருவாடு வறுத்திருந்தாள். ஊர் மாறிப் பதினேழு வருஷமாகியும் அவனுக்கு இந்த ஊர்ச் சோறு தொண்டையில் இறங்காது. கடிதத்தை அவன் இரண்டு தடவை படித்தான்.

“அப்பாடா. போடு கையெழுத்த. பேனா எங்கத்தா ஆஷா?”

“நான் விசாரணை கேக்கலாம்னு இருக்கேங்க,” என்றாள் அனுசுயா.

கருவாட்டை வாய்க்குக் கொண்டுபோன கை நின்றது. “என்ன சொன்ன?”

“விசாரணை. கேஸ் ஷீட்ட எடுப்பாங்க. டாக்டர் பாத்துச் சொல்லுவாங்க, எதுனால செத்தாருன்னு.”

“ஏய், ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா? அவகளே வேணாம், வந்து வேலையப் பாருன்னு சொல்றாக. நீ போயி, இல்ல என்னைய விசாரிங்கன்னு நிக்கப் போறியா? ஊசிதான்னு வந்துச்சுன்னா என்ன செய்வ? வேலையும் போயி, போலீசுக்கும் போகும். பிள்ள பரீச்ச எழுதிப் பிளஸ் ஒன்னுக்குப் போயிருக்கா. அதையாவது நெனச்சுப் பாத்தியா?”

“நெனச்சேன்.”

“நெனச்சவ பேசுற பேச்சா இது?”

அனுசுயா அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். “நாளைக்கு நான் போயி மறுபடி ஊசியக் கையில எடுக்கணும்ங்க. ரெண்டு வருசமா இந்தக் கத்தரியப் பிடிச்சுக்கிட்டே அதையத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன். காலாவதின்னு எழுதிட்டா, எனக்குள்ள ஆயிருமா? ஊசியால செத்தாருன்னா நான் அந்த வேலைக்குப் போகக் கூடாது. இல்லைன்னா எதுனாலன்னு தெரியணும். இதத் தவிர அந்தக் கேஸ் ஷீட்டப் பிரிக்க வேற வழி கிடையாது.”

“தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? செத்தவன் வரப் போறானா?”

“வரமாட்டாரு. ஆனாலும் தெரியணும்.”

முனீஸ் பாதிச் சாப்பாட்டில் கை கழுவினான். ஒரு வாரம் அவளிடம் பேசவில்லை. பண்டல் வந்தால் மட்டும் தூக்கி உள்ளே வைத்துவிட்டுப் போவான். எட்டாம் நாள் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, செருப்பைப் பார்த்தபடி, “விசாரணைக்கு நானும் லீவு போட்டுட்டு வாரேன். தனியாப் போயி நிக்காத” என்றான்.

விசாரணை அதிகாரியாக வந்தவர் டாக்டர் அமராவதி. தாராபுரத்தில் முப்பது வருஷம் ஆஸ்பத்திரி நடத்தி ஓய்வுபெற்றவர். கதர்ச் சேலை, கையில் ஒரு பிளாஸ்க். கூட்ட அறையில் ஐந்து பேருக்குப் போட்டிருந்த பெரிய நாற்காலிகளைப் பார்த்துவிட்டு, “இத்தனை எதுக்குங்க? ரெண்டு பெஞ்சு போடுங்க, எல்லாரும் பக்கத்துல உக்காரட்டும்” என்றார். முதல் நாளே கேஸ் ஷீட்டுக்கு ஆள் அனுப்பினார். மூன்றாம் நாள் அது வந்தது. கருத்தம்மாவையும் கூப்பிட்டிருந்தார்கள். இப்போது ஒரு பனியன் கம்பெனியில் கைமடிக்கிற வேலை பார்த்தாள். துணி மடித்து மடித்து விரல் நுனியெல்லாம் வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. அனுசுயாவைப் பார்க்காமல் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள்.

அமராவதி கேஸ் ஷீட்டை நிதானமாகப் படித்தார். ஒரு தாளை மறுபடி எடுத்துப் படித்தார். தீனதயாளன் குறிப்பெடுக்கப் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

“நுரையீரல்ல தண்ணி கோத்துட்டு எறந்திருக்கறாரு,” என்றார். “இந்த ஊசி அதைப் பண்ணாதுங்க. போட்ட அளவும் சரியாத்தான் இருக்குது.”

அனுசுயா மூச்சை விட்டாள். பின்னால் முனீஸ் தொண்டையைக் கனைத்தது கேட்டது. அமராவதி இன்னும் முடிக்கவில்லை.

“கருத்தம்மா, உங்க ஊட்டுக்காரருக்கு இழுப்பு எத்தன வருசமா இருந்துச்சுங்க?”

“இழுப்பா?” கருத்தம்மா நிமிர்ந்தாள். “அந்த மனுசனுக்கு எந்தக் காலத்துலயும் இழுப்புக் கிடையாதே டாக்டரம்மா. கெணறு வெட்டுன ஆளு. மூச்சுப் பிடிச்சு உள்நீச்சல் போடுவாரு.”

அமராவதி அனுசுயாவின் பக்கம் திரும்பினார். “சீட்டுல ஆஸ்துமான்னு எழுதியிருக்கறீங்க. யாரு சொன்னது?”

“கூட வந்த மேஸ்திரி சொன்னாரு மேடம். எப்பவும் வர்றதுதான்னு.”

“அவரையே கேட்டீங்களா?”

“பேச முடியல மேடம் அவரால.”

“கண்ணு செவந்திருந்துச்சு, இருமல் நிக்கலைன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கறீங்க. அன்னைக்கு என்ன வேல செஞ்சிட்டிருந்தாருன்னு கேட்டீங்களா? மேல ஏதாச்சும் வாசன அடிச்சுதா?”

அனுசுயா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அந்த மதியம் திரும்பி வந்தது. சட்டைக் கையை மேலே ஏற்றி, பஞ்சால் துடைக்கக் குனிந்தபோது முகத்தில் அடித்த நெடி. மூக்கைச் சுருக்கிக்கொண்டுதான் ஊசி போட்டாள். இரண்டு வருஷமாக ஊசியையே நினைத்து நினைத்து, அதை மறந்தேபோயிருந்தாள்.

“பிளீச்சிங் வாடை அடிச்சுது மேடம். கண்ணு எரியுற மாதிரி.” குரல் இறங்கிவிட்டது. “சாயப்பட்டறை ஆளுக எல்லாரும் அப்படித்தான் வருவாங்க. அதனால நான் அதை ஒரு விஷயமா நெனைக்கல.”

அமராவதி பிளாஸ்கைத் திறந்தார், குடிக்காமல் மூடினார். “பிளீச்சிங் தொட்டியில ஆசிட் கலந்தா வெசப்புகை கெளம்புமுங்க. அதைச் சுவாசிச்சவங்களுக்கு மொதல்ல இழுப்பு மாதிரித்தான் வரும், கொஞ்சம் தணியும், ஏழெட்டு மணி நேரங்கழிச்சு நுரையீரல்ல தண்ணி கோக்கும். தெரிஞ்சிருந்தா பக்கத்துலயே உக்காந்து பாப்பாங்க. ஆஸ்துமான்னு சீட்டு இருந்ததுனால, தணிஞ்சிருச்சுன்னு சாதா வார்டுல போட்டிருக்கறாங்க. ராத்திரிக்கு யாரும் திரும்பிப் பாக்கல.”

கருத்தம்மா எழுந்து நின்றுவிட்டாள். “தொட்டி பொங்குச்சுன்னு மேஸ்திரி சொன்னாரு டாக்டரம்மா. பொணத்த வேன்ல ஏத்துறப்பச் சொன்னாரு. வெளிய சொன்னா பட்டறைக்கு சீல் வெச்சுருவாக, அம்புட்டுப் பேரு பொழப்பும் போயிரும்னாரு. ஊசியாலதான் போச்சு, அதைய எழுதிக் குடுன்னாரு. நான் என்னத்தக் கண்டேன்? பெருவிரல நீட்டுனேன்.”

தீனதயாளன் பேனாவை நிறுத்தி, எழுதலாமா என்று கேட்பதுபோல அமராவதியைப் பார்த்தார்.

“எழுதுங்க,” என்றார் அவர். “ஒண்ணு விடாம எழுதுங்க.”

பத்து நாளில் உத்தரவு வந்தது. அனுசுயாவுக்கும் கருத்தம்மாவுக்கும் பிரதி கொடுக்க வரச் சொல்லியிருந்தார்கள். தீனதயாளனின் மேஜைக்கு இந்தப் பக்கம் இரண்டு நாற்காலி. கருத்தம்மாவுக்குப் படிக்கத் தெரியாததால் அவரே படித்துக் காட்டினார். ஊசியால் மரணம் நேரவில்லை. குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை. நோயாளி செய்த வேலையை விசாரிக்காமல் சீட்டு எழுதியதற்காகச் செவிலியர் எச்சரிக்கப்படுகிறார். மறுநாளே வேலையில் சேரலாம்.

“ரொம்ப சந்தோசமுங்க சிஸ்டர்,” என்றார் தீனதயாளன். “கொமரலிங்கத்துக்காரரோட பைலையும் நேத்து மூடிட்டேனுங்க. கையெழுத்துப் போடறப்ப என்னமோ மாதிரி இருந்துச்சு.”

கருத்தம்மா தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முதல் தடவையாக அனுசுயாவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“நர்சம்மா, நீங்க அன்னைக்கு புகைன்னு எழுதியிருந்தா அவரு பொழச்சிருப்பாரா?”

தீனதயாளன் சட்டென்று, “அதெல்லாம் இப்ப எதுக்குங்கம்மா? சாமி விட்ட வழி” என்றார்.

அனுசுயா கையை மடியில் வைத்துக்கொண்டாள். “பொழச்சிருக்கலாம்மா. உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா பொழச்சிருக்கலாம்.”

கருத்தம்மா அழுவாள் என்று அனுசுயா நினைத்தாள். அழவில்லை. “ரெண்டு வருசமா தெனமும் ஒங்கள நாசமாப் போகச் சொல்லிக்கிட்டு இருந்தேன். பட்டறைக்காரன ஒரு நாளும் சொல்லல.” தாளை மேஜைமேல் வைத்தாள். “பட்டறை மேல கேஸ் போடலாம்னு கம்பெனில ஒரு அக்கா சொல்லுது. தொட்டி பொங்குன அன்னைக்கு அவரு மேல அந்த வாடை அடிச்சுதுன்னு ஒங்க கையால எழுதிக் குடுப்பீகளா?”

“சிஸ்டர்,” தீனதயாளன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “இப்பத்தான் வெளிய வந்திருக்கறீங்க. அது கோர்ட்டுக்குப் போற காகிதமுங்க. அவங்க வக்கீலு உங்களத்தான் மொதல்ல புடிப்பாரு. வாடை அடிச்சுதுன்னா ஏன் எழுதலைன்னு கேப்பாங்க. மறுபடி ஒரு மனு, மறுபடி…”

“கேப்பாங்க சார்,” என்றாள் அனுசுயா. “ஒரு வெள்ளைத்தாள் குடுங்க.”

அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளும், சட்டைப்பையிலிருந்து தன் மூன்று பேனாக்களில் நன்றாக எழுதுகிற ஒன்றும் எடுத்துக் கொடுத்தார்.

தேதி, நேரம், யார் யார் வந்தார்கள், மேஸ்திரி என்ன சொன்னான், கண் எப்படி இருந்தது, எந்த ஊசி, எவ்வளவு. வரிசையாக எழுதிக்கொண்டே வந்தவள் ஒரு இடத்தில் நிறுத்தினாள். அதைத் தாண்டிப் போய் அடுத்ததை எழுதிவிடலாம். வாடை அடித்தது என்பதோடு விட்டாலும் காகிதம் முழுமையாகத்தான் இருக்கும். அனுசுயா நிறுத்திய இடத்திலிருந்தே எழுதினாள். முடித்துக் கையெழுத்துப் போட்டுத் தாளை நீட்டினாள்.

கருத்தம்மா வாங்கவில்லை. “படிங்க. நான் என்ன வாங்கிட்டுப் போறேன்னு எனக்குத் தெரியணும்.”

அனுசுயா படித்தாள். ஏற்ற இறக்கம் இல்லாமல், டிஸ்பென்சரியில் மருந்துப் பட்டியல் படிக்கிற குரலில் படித்துக்கொண்டே வந்தாள். “‘அவர் மேல் பிளீச்சிங் நெடி கடுமையாக அடித்தது. நான் அதை உணர்ந்தேன். அன்று என்ன வேலை செய்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.’”

“அந்த எடத்த இன்னொருக்காப் படிங்க,” என்றாள் கருத்தம்மா.

அனுசுயா மறுபடி படித்தாள். இந்தத் தடவை ‘கேட்டிருக்க வேண்டும்’ என்ற இடத்தில் குரல் உடைந்தது. ஆனாலும் நிறுத்தாமல் கடைசி வரி வரைக்கும், தன் பெயர் வரைக்கும் படித்து முடித்தாள். கருத்தம்மா கை நீட்டித் தாளை வாங்கினாள். கம்பெனியில் துணி மடிக்கிற அதே பக்குவத்தில், ஓரத்தோடு ஓரம் பிசகாமல் நாலாக மடித்து, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

“கோர்ட்டுக்குக் கூப்புட்டா வருவீகளா?”

“வருவேன்.”

“சரி,” என்று சொல்லிவிட்டுக் கருத்தம்மா படியிறங்கிப் போனாள்.